மோட்டார் வண்டிக்குக் காப்பும் காவலும்

பாதுகாப்பு என்ற ஒரு சொல்லை நாம் இரண்டு பொருளில் வழங்கி வருகிறோம். ஆற்றில் வெள்ளம் வருமுன் கரையைப் பலப்படுத்துவதும் பாதுகாப்பு. ஊரில் கள்வர் நடமாட்டம் கண்டு இரவில் ஆள் நிறுத்துவதும் பாதுகாப்பு. ஆங்கிலத்தில் இவ்விரண்டுக்கும் தனித்தனிச் சொற்கள் உண்டு. மொழிபெயர்ப்புப் பணியில் இருக்கும் எம் போன்றோர்க்கு, ஒரே வாக்கியத்தில் அவ்விரு சொற்களும் அடுத்தடுத்து வந்துவிட்டால் பேனா சற்றே தயங்கி நிற்கும். எனினும் தமிழில் வழியில்லாமல் இல்லை. காப்பு என்றும் காவல் என்றும் இரு சொற்கள் நம்மிடம் இருக்கின்றன. தற்செயலாக வரும் கேட்டினின்று காப்பதைக் காப்பு என்றும், மனிதனின் சூழ்ச்சியினின்று காப்பதைக் காவல் என்றும் இன்றைய பேச்சின் அளவில் பிரித்து வைத்துக்கொள்வோம். மோட்டார் வண்டியைப் பற்றிப் பேசுவதற்கு இந்தப் பிரிவினை இன்றியமையாதது.

மோட்டார் வண்டியில் காப்பு படிப்படியாக வளர்ந்திருக்கிறது. இருக்கை வார் வந்தது, காற்றுப்பை வந்தது, ஈரச் சாலையிலும் சக்கரத்தை வழுக்கவிடாத பிரேக் வந்தது. காவல் என்பதோ நெடுங்காலம் ஒரு பூட்டும் ஒரு சாவியுமாகவே இருந்தது. அதுவே போதுமானதாகவும் இருந்தது. திருட வருகிறவன் வண்டியருகே வந்தாக வேண்டும். வந்தாலும் ஒரு நேரத்தில் ஒரு வண்டியைத்தான் அவனால் கொண்டுபோக முடியும்.

இந்த நிலை நம் நாட்டிலும் மாறிவிட்டது. 2019-ஆம் ஆண்டில் ஹூண்டாய் வென்யூ, எம்.ஜி. ஹெக்டர் ஆகிய வண்டிகள் சிம் அட்டையைத் தம்முள்ளே பொருத்திக்கொண்டு விற்பனைக்கு வந்தன. இன்று தில்லியிலோ நாகபுரியிலோ அலுவலக மாடியில் அமர்ந்தபடி, கீழே வெயிலில் காயும் வண்டியின் குளிர்சாதனத்தைக் கைபேசியால் இயக்குவோர் நம்மிடையே பலர். அந்தக் கட்டளை கைபேசியிலிருந்து நேரே வண்டிக்குப் போவதன்று. முதலில் நிறுவனத்தின் கணினிக்குச் செல்கிறது. கட்டளையிடுபவர் வண்டிக்கு உரியவர்தாமா என்பதை அக்கணினி தீர்மானிக்கிறது. பின்னர் கைபேசிக் கோபுரத்தின் வழியாக வண்டியை வந்தடைகிறது. வண்டியின் பூட்டு வண்டியில் மட்டும் இல்லை. எங்கோ கண்காணாத ஊரில் இருக்கும் கணினியிலும் இருக்கிறது.

இதன் விளைவு என்ன என்பதை உலகம் 2015-ஆம் ஆண்டு ஜூலையில் கண்டது. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரின் நெடுஞ்சாலையில் ஒரு ஜீப் செரோக்கி மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் சென்றுகொண்டிருந்தது. ஓட்டியவர் ஆண்டி கிரீன்பர்க் என்னும் பத்திரிகையாளர். சார்லி மில்லர், கிறிஸ் வலாசெக் என்ற இரு ஆய்வாளர்கள் ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில் ஒரு வீட்டில் மடிக்கணினியுடன் அமர்ந்திருந்தார்கள். சோதனைக்குப் பத்திரிகையாளர் இசைந்திருந்தார். இன்னது நேரும் என்பது மட்டும் அவருக்குச் சொல்லப்படவில்லை. திடீரெனக் குளிர்காற்று முழு வேகத்தில் வீசிற்று. வானொலி உரக்கப் பாடத் தொடங்கியது. பொத்தானைத் திருகினால் அடங்கவில்லை. கண்ணாடியில் தண்ணீர் பீறிட்டு, துடைப்பான்கள் தாமாக ஆடின. இவ்வளவும் விளையாட்டு என்று வைத்துக்கொள்ளலாம். அடுத்து, என்ஜினுக்கும் சக்கரங்களுக்கும் உள்ள தொடர்பை அவ்விருவரும் துண்டித்தார்கள். ஆக்ஸிலரேட்டரை அழுத்த அழுத்த என்ஜின் இரைந்ததேயன்றி வண்டி நகரவில்லை. ஒதுங்க இடமில்லாத மேம்பாலத்தில் வண்டி தவழ, பின்னால் ஒரு கனரக லாரி வந்துகொண்டிருந்தது. நல்வேளையாக யாருக்கும் தீங்கு நேரவில்லை. அதே மாதத்திலேயே ஃபியட் கிரைஸ்லர் நிறுவனம் 14 லட்சம் வண்டிகளைத் திருத்தத்திற்காகத் திரும்ப அழைக்க நேர்ந்தது.

அவர்கள் நுழைந்த வாயில் எது? வானொலியில் பேசிக்கொண்டு இதைச் சொல்ல நேர்வது வேடிக்கைதான்: வானொலியும் வழிகாட்டும் படமும் அடங்கிய நடுத்திரைப் பெட்டியே அந்த வாயில். அந்தப் பெட்டிக்குக் கைபேசி வலையமைப்பின் தொடர்பு இருந்தது. அத்தொடர்பில், வெளியிலிருந்து வரும் கட்டளைகளை ஆள் யார் என்று கேளாமலே ஏற்றுக்கொள்ளும் வாயில் ஒன்று திறந்தே கிடந்தது. பாட்டுப் போடும் பெட்டிக்கும் சக்கரத்தைச் சுழற்றும் பொறிக்கும் என்ன உறவு என்று நேயர்கள் கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான். அதற்கு விடை கூறச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

இன்றைய மோட்டார் வண்டிக்குள் பல பத்துச் சிறு கணினிகள் இருக்கின்றன. என்ஜினுக்கு ஒன்று, பிரேக்குக்கு ஒன்று, கதவுக்கு ஒன்று, விளக்குக்கு ஒன்று என்று ஒவ்வொன்றுக்கும் தனி வேலை. ஒவ்வொன்றையும் மற்ற ஒவ்வொன்றோடும் தனிக்கம்பியால் இணைப்பதானால் வண்டி முழுவதும் செம்புக் கம்பியாகவே ஆகிவிடும். இந்தச் சிக்கலைத் தீர்க்க ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் ஒரு பொதுச் செய்திப் பாதையை வகுத்து 1986-ஆம் ஆண்டில் வெளியிட்டது. 'கேன்' என்று அதைக் குறிப்பிடுவார்கள். எல்லாக் கணினிகளும் ஒரே இணைக் கம்பியில் தொங்கும். ஒன்று பேசினால் எல்லாம் கேட்கும். செய்தியின் தலைப்பில் ஓர் எண் இருக்கும். 'இது சக்கரத்தின் வேகம்', 'இது கதவின் நிலை' என்று அந்த எண்ணைக் கொண்டே ஒவ்வொன்றும் அறிந்துகொள்ளும். இரண்டு கணினிகள் ஒரே கணத்தில் பேச முற்பட்டால், சிறிய எண்ணுடைய செய்திக்கு மற்றது வழிவிட்டு ஒதுங்கும். அழகான ஏற்பாடு. ஸ்பார்க் பிளக்கின் மின்பொறியாலோ இடி மின்னலாலோ செய்தி சிதைந்துவிட்டதா என்று சரிபார்க்கும் கணக்கும் ஒவ்வொரு செய்தியின் இறுதியிலும் உண்டு.

ஆனால் அச்செய்தியில் அனுப்பியவர் பெயர் இல்லை; கையொப்பமும் இல்லை. ஓர் அலுவலகத்தில் கையொப்பமிடாத சுற்றறிக்கைகள் மேசைக்கு மேசை வந்துகொண்டே இருக்கின்றன, எல்லாரும் அவற்றின்படியே நடக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அலுவலகத்தின் கதவு மூடியிருந்து, உள்ளே நம்மவரே இருக்கும் வரையில் அதனால் கேடில்லை. வெளியார் ஒருவர் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டால், அவர் எழுதுவதும் ஆணைதான். கேன் பாதையை வகுத்தவர்கள் காப்பை எண்ணியவர்கள். மின் இரைச்சலையும் வெப்பத்தையும் அதிர்வையும் அவர்கள் எதிர்பார்த்தார்கள், பொய்யை எதிர்பார்க்கவில்லை. 1986-இல் அதை எதிர்பார்க்க அவர்களுக்குக் காரணமும் இல்லை. அன்றைய மோட்டார் வண்டி வெளியுலகத்தோடு பேசவில்லையே.

ஜீப் வண்டியில் பாட்டுப் பெட்டிக்கும் கேன் பாதைக்கும் இடையே ஒரு சிறு சில்லு நின்று காத்தது. அந்தச் சில்லுக்குள் இருந்த நிரலையே ஆய்வாளர்கள் மாற்றி எழுதிவிட்டார்கள். புதிய நிரல் தயாரிப்பாளரிடமிருந்து வந்ததுதானா என்று அது வினவவில்லை. அதன்பின் அவர்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவேண்டியிருக்கவில்லை. வண்டி தனக்குத்தானே வழக்கமாக இடும் கட்டளைகளையே இவர்களும் இட்டார்கள்.

எச்சரிக்கை முன்பே இல்லாமலில்லை. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தினரும் சான் டியாகோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தினரும் 2010, 2011 ஆகிய ஆண்டுகளில் இரண்டு ஆய்வுரைகளை வெளியிட்டிருந்தார்கள். ஒரு குறுந்தகட்டில் பதிந்த பாட்டே வண்டியை வசப்படுத்தும் என்று காட்டினார்கள். வீட்டுக் கணினியில் அது வெறும் பாட்டாகவே ஒலிக்கும். நிறுவனத்தின் பெயரை அப்போது அவர்கள் வெளியிடவில்லை. அந்த நாகரிகம் பாராட்டத்தக்கதே எனினும், குறை நீங்க ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் ஆயின என்பதையும் சேர்த்தே நாம் நினைக்க வேண்டியிருக்கிறது. மில்லரும் வலாசெக்கும் 2013-இல் வேறு இரு வண்டிகளைக் கம்பி இணைத்து ஆட்டுவித்தபோது, வண்டிக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு செய்ததுதானே என்ற அலட்சியமே அவர்களுக்கு விடையாகக் கிடைத்தது. நெடுஞ்சாலையில் ஒரு பத்திரிகையாளர் நடுங்கிய பிறகே தொழில் விழித்தது. அறிவுறுத்தலுக்கு விழிக்காதது அவமானத்துக்கு விழித்தது என்றும் சொல்லலாம்.

நிற்க. இவை ஆய்வாளர்களின் வித்தைகள், கள்வருக்கு இவ்வளவு பொறுமை ஏது என்று தோன்றலாம். கள்வருக்கும் உண்டு. லண்டனில் 2022-ஆம் ஆண்டில் டொயோட்டா ராவ்-4 வண்டி ஒன்றின் முன்விளக்கருகே யாரோ பாகங்களைக் கழற்றிப் பார்த்திருந்தார்கள். சில நாள்களில் வண்டியே காணாமற் போயிற்று. வண்டிக்குரியவர் தற்செயலாக இதே துறையின் ஆய்வாளர். விடாமல் துருவியதில் திருட்டின் முறை வெளிப்பட்டது. முன்விளக்கு வரை கேன் கம்பி வருகிறது. விளக்கின் இணைப்பை உருவி, பாட்டுக் கேட்கும் சிறிய ஒலிபெருக்கிபோல் வேடமிட்ட ஒரு கருவியை அங்கே செருகினால், 'முறையான சாவி வந்திருக்கிறது' என்று அது கம்பியில் பொய் சொல்கிறது. கதவு திறக்கிறது. கையொப்பமில்லாச் சுற்றறிக்கையின் கதைதான் இதுவும்.

சாவியைப் பையிலிருந்து எடுக்காமலே திறக்கும் வண்டிகளுக்கு இன்னொரு தொல்லை. சாவி வீட்டுக்குள் ஆணியில் தொங்கும். ஒருவன் அதன் மெல்லிய அலையைக் கதவோரம் நின்று ஒரு கருவியால் வாங்கி, வண்டியருகே நிற்கும் கூட்டாளியின் கருவிக்கு அனுப்புவான். சாவி பக்கத்தில் இருப்பதாக எண்ணி வண்டி திறந்துகொள்ளும். அவ்வகைச் சாவியை இரவில் மூடியுள்ள உலோகப் பெட்டியில் வைப்பது எளிய தடுப்பு. அலை போய்வரும் நேரத்தை அளந்து உண்மையான தூரத்தைக் கணிக்கும் சாவிகளும் இப்போது வந்துள்ளன.

இதுவரை சொன்னவற்றில் கள்வன் வண்டிக்குள் எப்படியோ நுழைகிறான். நுழையாமலே வண்டிக்கு உரியவனாக வேடம் போடுவது மற்றொரு வகை. நம் எண்ணத்தில் இதுவே அதிகக் கவலைக்குரியது. 2024-ஆம் ஆண்டில் ஆய்வாளர் சிலர், அமெரிக்காவில் ஓடும் கியா வண்டிகளை அவற்றின் எண் பலகையை மட்டும் வைத்துக்கொண்டு திறக்க முடியும் என்று மெய்ப்பித்தார்கள். முகவர்களுக்கான இணையதளத்தில் முகவரைப்போல் பதிவு செய்துகொண்டு, வண்டிக்குரியவரைக் கீழிறக்கித் தம்மை அவ்விடத்தில் ஏற்றிக்கொண்டால் போதும். உரியவருக்கு ஒரு சிறு அறிவிப்பும் போகாது. ஜூன் மாதம் நிறுவனத்துக்குத் தெரிவித்தார்கள். ஆகஸ்டில் குறை நீக்கப்பட்ட பின்னரே செப்டம்பரில் ஊருக்குச் சொன்னார்கள். எண் பலகை என்பது தெருவில் போவோர் அனைவரும் படிப்பதற்கென்றே எழுதி மாட்டியது. அதுவே சாவியாகும் காலம் வரும் என்று யார் எண்ணியிருப்பார்கள்?

தொழில்நுட்ப மேதைமை எதுவும் இல்லாமலும் இது நடக்கும். அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் 2010-ஆம் ஆண்டு நூற்றுக்கும் மேற்பட்ட வண்டிகள் காலையில் கிளம்ப மறுத்தன. சில நள்ளிரவில் ஓயாமல் ஹாரன் அடித்தன. தவணை கட்டாதவர்களின் வண்டியைத் தொலைவிலிருந்து முடக்குவதற்காக விற்பனையாளர் பொருத்தியிருந்த கருவியே காரணம். வேலையிலிருந்து நீக்கப்பட்ட ஒருவர், மற்றோர் ஊழியரின் கடவுச்சொல்லைக் கொண்டு பழிதீர்த்துக்கொண்டார். மாஸ்கோவில் 2022 செப்டம்பரில் நடந்தது இன்னும் எளிது. யாரோ யாண்டெக்ஸ் டாக்சி அமைப்பில் புகுந்து, பல பத்து வண்டிகளை ஒரே சாலைக்கு ஒரே நேரத்தில் அழைத்துவிட்டார்கள். ஒரு வண்டியைக்கூடத் தொடவில்லை, போக்குவரத்து முடங்கியது.

இனித் தானே ஓடும் வண்டிக்கு வருவோம். அமெரிக்காவின் ஃபீனிக்ஸ், சான் பிரான்சிஸ்கோ போன்ற நகரங்களில் வேமோ நிறுவனத்தின் வாடகை வண்டிகள் ஓட்டுநர் இல்லாமலே பயணிகளை ஏற்றிச் செல்கின்றன. நம் நாட்டில் அத்தகைய வாடகை வண்டிகள் இல்லை. எனினும் கேமரா கொண்டு சாலைக் கோட்டையும் முன்வண்டியையும் பார்த்து, தானே பிரேக் போடவும் ஸ்டியரிங்கைத் திருத்தவும் வல்ல கார்கள் 2021 முதல் நடுத்தர விலையிலும் விற்கப்படுகின்றன. இவற்றை ஏமாற்றக் கணினிக்குள் நுழையவேண்டிய தேவைகூட இல்லை. கண்ணை ஏமாற்றினால் போதும். 'நில்' என்ற பலகையில் சில கறுப்பு வெள்ளைச் சீட்டுகளை ஒட்டி, படமறியும் நிரலுக்கு அதை வேகவரம்புப் பலகையாகத் தோன்றச் செய்த ஆய்வு 2018-இல் வெளிவந்தது. 2020-ஆம் ஆண்டில் மக்கஃபீ நிறுவனத்தார், 35 மைல் என்ற பலகையில் மூன்றின் நடுக்கோட்டைக் கறுப்பு நாடாவால் சற்று நீட்டினார்கள். 2016-இல் செய்த டெஸ்லா வண்டி அதை 85 என்று படித்து வேகமெடுத்தது. மனிதக் கண் அதில் ஏமாறாது. சுவரொட்டியும் கட்சிக்கொடியும் மறைக்காத சாலைப் பலகையே அரிதான நம் ஊர்களில், யாரும் வஞ்சிக்காமலே இந்தக் கேமராக்கள் திகைக்கும் என்பது வேறு செய்தி.

ஓட்டுநர் இருக்கும் வண்டியில் எது கெட்டாலும் கடைசிக் காவல் அந்த மனிதர்தாம். ஜீப் வண்டியை ஓட்டியவராவது ஏதோ தவறு நேர்ந்திருக்கிறது என்று அறிந்தார். ஓட்டுநரே இல்லாத வண்டியில் அந்த ஐயம் யாருக்குத் தோன்றும்? ஆதலால் அங்கே ஒரு கருவியின் சொல்லை மற்றொரு கருவியின் சொல்லோடு ஒப்பிட்டுப் பார்க்கும் ஏற்பாடு வேண்டும். கேமரா காட்டும் பலகையை வரைபடம் ஒத்துக்கொள்கிறதா, செயற்கைக்கோள் சொல்லும் இடத்தைச் சக்கரத்தின் சுழற்சி ஒத்துக்கொள்கிறதா என்று வண்டியே வினவ வேண்டும். ஒரே சாட்சியை நம்பித் தீர்ப்புச் சொல்லாத நீதிபதியைப்போல் அது நடக்க வேண்டும்.

பரிகாரங்கள் புதிரானவை அல்ல. பொழுதுபோக்குப் பகுதியையும் ஓட்டும் பகுதியையும் பிரித்து இடையில் கண்டிப்பான வாயிற்காவல் வைப்பது ஒன்று. முக்கியமான செய்திகளுக்கு இரகசிய எண்கொண்ட கையொப்பம் சேர்ப்பது மற்றொன்று. புதிய நிரல் வந்தால் தயாரிப்பாளரின் முத்திரை இருந்தாலன்றி ஏற்காமை இன்னொன்று. சீனாவின் டென்சென்ட் நிறுவன ஆய்வாளர்கள் 2016-இல் டெஸ்லா வண்டியின் பிரேக்கைத் தொலைவிலிருந்து இயக்கிக் காட்டியபோது, அந்நிறுவனம் பத்து நாள்களில் வான்வழியே திருத்தம் அனுப்பியது. நிரலுக்கு முத்திரை கேட்கும் முறையையும் சேர்த்தது. ஜீப் உரிமையாளர்கள் பணிமனைக்குப் போயோ அஞ்சலில் வந்த யு.எஸ்.பி. குச்சியைச் செருகியோ பெற்ற திருத்தத்தோடு இதை ஒப்பிட்டால் வான்வழியின் நன்மை விளங்கும். ஆனால் திருத்தம் வரும் வழியும் ஒரு வாயிலே. நார்வேயில் ஆஸ்லோ நகரின் பேருந்து அமைப்பு 2025-ஆம் ஆண்டில் சீனத்து யூடோங் பேருந்தைச் சோதித்து, அதன் தயாரிப்பாளர் கோட்பாட்டளவில் அதைத் தொலைவிலிருந்து நிறுத்திவிடக் கூடும் என்று கண்டது. தயாரிப்பாளர் தீயவர் என்பது அதற்குப் பொருளன்று. சாவி யாரிடம் இருக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும் என்பதே பொருள்.

சட்டமும் மெல்ல வந்து சேர்ந்திருக்கிறது. ஐக்கிய நாடுகளின் 155-ஆம் வாகன விதி 2020-இல் ஏற்கப்பட்டு 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. வண்டி வடிவமைப்பில் தொடங்கி, விற்றபின் அது ஓடும் காலம் வரையில் தாக்குதல்களைக் கண்காணித்துத் திருத்தும் பொறுப்பை அது தயாரிப்பாளர்மேல் சுமத்துகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் புதிதாக விற்கும் எல்லாக் கார்களுக்கும் அது கட்டாயம். அவ்விதிக்கு இணங்கப் பழைய மின்னணு அமைப்பை மாற்றுவது கட்டுப்படியாகாது என்று போர்ஷே நிறுவனம் பெட்ரோல் மக்கான் வண்டியை அங்கே விற்பதையே விட்டுவிட்டது. பிரேக் நன்று, என்ஜின் நன்று, காவல் போதாது என்பதற்காக ஒரு வண்டி சந்தையை விட்டுப் போனதை நாம் இதற்குமுன் கேட்டதில்லை. இந்தியா அவ்விதிகளுக்கு அடிப்படையான 1958-ஆம் ஆண்டு உடன்படிக்கையில் சேரவில்லை. எனினும் அவற்றைத் தழுவி ஏ.ஐ.எஸ். 189 என்ற எண்ணில் வாகனக் காவலுக்கும், 190 என்ற எண்ணில் நிரல் புதுப்பித்தலுக்கும் தரங்கள் வகுக்கப்பட்டுள்ளன. நம் வாடகை வண்டிகளிலும் பேருந்துகளிலும் காணும் இடங்காட்டும் கருவிக்கும் அவசரப் பொத்தானுக்கும் உரிய தரம் ஏ.ஐ.எஸ். 140. அது காப்புக்காக வந்தது. வெளியோடு பேசுவதால் அதற்கும் காவல் வேண்டும்.

வெளிமாநிலங்களில் உத்தியோகம் பார்க்கும் நம்மவர்க்கு இதில் உடனே தொடர்புள்ள பகுதி ஒன்றுண்டு. மாற்றல் உத்தரவு வந்தால் தில்லியில் வண்டியை விற்றுவிட்டுக் குவாஹாத்தியில் வேறொன்றை வாங்குவோம். விற்பவர் யார், வாங்குபவர் யார் என்று நெடுநாள் பழக்கம் இராது. பதிவுச் சான்று பெயர் மாறுகிறது, காப்பீடு மாறுகிறது, இரண்டு சாவிகளும் கைக்கு வருகின்றன. கைபேசிச் செயலியில் உள்ள கணக்கு மாறிற்றா என்று கேட்போர் மிகச் சிலர். ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வாளர் ஒருவர், தாம் விற்றுப் பல ஆண்டுகளான காரை இன்னும் தம் கைபேசியால் தேடவும் திறக்கவும் முடிகிறது என்று 2017-இல் வெளிப்படுத்தினார். பதிவு அலுவலகம் அறிந்த உரிமையாளர் ஒருவர். கணினி அறிந்த உரிமையாளர் வேறொருவர்.

ஆகவே பழைய வண்டி வாங்கும்போது, விற்பவர் தம் செயலியிலிருந்து அவ்வண்டியை நீக்குமாறு கேட்க வேண்டும். திரையில் அமைப்புகள் என்ற பகுதிக்குச் சென்று, தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்கு மீட்கும் கட்டளையைக் கொடுத்தால் அவர் வீட்டு முகவரியும் தொலைபேசி எண்களும்கூட அழியும். விற்கும்போது நாமும் மறவாமல் அதைச் செய்ய வேண்டும். முந்தைய உரிமையாளர் கைக்கெட்டாத இடத்துக்குப் போய்விட்டாரானால், பெயர் மாறிய பதிவுச் சான்றை எடுத்துக்கொண்டு நிறுவனத்தின் முகவரிடம் சென்று கணக்கை நம் பெயருக்கு மாற்றித் தரும்படி எழுத்தில் கேட்கலாம். விற்பவர் எதிரே இருக்கையில் வேலை இன்னும் சுலபம். அவர் கைபேசியில் அந்த வண்டியின் படம் மறைந்ததை நம் கண்ணால் பார்த்த பிறகு, எஞ்சிய தொகையைக் கொடுக்கலாம்.